பூஜ்யம் காட்டும் தண்ணீர்

இருட்டிய பிறகு எங்கள் கொல்லையில் ஒருவர் இருமுவார். முதலில் நெஞ்சுச் சளியை இழுப்பதுபோல நீளமாக ஒரு ‘கர்ர்ர்’. பிறகு இரண்டு மூன்று செருமல். அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பீடி பிடித்துப் பழகிய ஆள் ஒருவர் துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறார் என்று யாரும் சத்தியம் செய்வார்கள். கணவர் தோஹாவுக்கு விமானம் ஏறிய வாரம் அந்த இருமலை முதன்முதலாகக் கேட்டபோது, தூங்கிக்கொண்டிருந்த மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, விளக்கையும் போடாமல் சமையலறையில் நின்றேன். இருமியது முனிசிபல் குழாய். தண்ணீர் வருவதற்கு முன்னால் அதற்குள் அடைந்திருக்கும் காற்று வெளியேறும் சத்தம். இந்தத் தொழிலில் முதலாளி நாமில்லை, குழாய்தான். அவர் இருமினால் நாம் எழுந்திருக்க வேண்டும்.

என்ன தொழில் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: கடல் மீன் தொட்டிகளுக்குத் தண்ணீர் செய்து கொடுக்கிறேன். வரவேற்பறையில் நீல விளக்குப் போட்டு, பண்ணையில் வளர்த்த பவளமும் ஆரஞ்சு நிறக் கோமாளி மீனும் சிவப்புக் கோடு போட்ட இறாலுமாக ஒரு துண்டுக் கடலை வைத்துக்கொண்டு, அதற்கு நாளைக்கு என்ன கேடு வருமோ என்று சோறு இறங்காமல் இருக்கிறவர்கள் புதுக்கோட்டை ஜில்லாவிலும் இருக்கிறீர்கள். சக பாவிகளான உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்துவிட்டுச் சிரித்தால் ஆட்சேபணை இல்லை.

கடல் தண்ணீர் செய்ய முதலில் ஒன்றுமே இல்லாத தண்ணீர் வேண்டும். குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர், சுண்ணாம்பு, துரு, உரச்சத்து என்று ஒரு கூட்டுக் குடும்பமே குடியிருக்கும். அதை அப்படியே ஊற்றினால் பவளம் சுருங்கும், தொட்டி முழுக்கப் பாசி படரும். அதனால் பஞ்சு வடிகட்டி துருவைப் பிடிக்கும். கரி வடிகட்டி பிளீச்சிங்கைத் தின்னும். அடுத்திருக்கும் சவ்வு உப்பை ஒதுக்கும். கடைசியாக, நிறம் மாறுகிற குருணை நிரப்பிய குழல் ஒன்று மிச்சம் மீதியை உறிஞ்சிக்கொள்ளும். வெளியே வருகிற தண்ணீரில், கரைந்திருப்பதை அளக்கும் மீட்டரை வைத்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். அதில் கடலுப்புக் கலவையைக் கரைத்தால் தொட்டிக்குக் கடல் தயார். கான்வென்ட்டில் உப்பைக் கண்டுபிடிக்கிற சோதனை செய்யும்போது, டெஸ்ட் டியூப் கழுவத் தருகிற தண்ணீரை வீணாக்கினால் சிஸ்டர் முழங்கால் போட வைப்பார்கள். அந்தத் தண்ணீரைத்தான் இப்போது கேன் கேனாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சாத்த முடியாத கதவு

தோஹாவில் ஒரு பெரிய ஹோட்டலின் மீன்தொட்டிகளைப் பராமரிப்பது என் கணவரின் வேலை. விடுமுறையில் வந்தபோது ஆசைக்கு வீட்டிலும் ஒரு தொட்டியை வைத்து, தண்ணீர் சுத்தம் செய்யும் மிஷினையும் கொல்லையில் மாட்டிவிட்டுப் போனார். முதல் வாரமே குரங்குகள் வந்து வெள்ளை டியூப்பை நுங்கு மாதிரி உறிஞ்சிப் பார்த்து, கடித்துத் துப்பிவிட்டன. வெளியே டிரம் வைத்தேன். அதில் ஒரு குடும்பமே குளித்தது. மிஷினையும் டிரம்மையும் சமையலறைக்குள் கொண்டுவந்தேன். நல்ல காவிரித் தண்ணீர் வரும் குழாயோ கொல்லையில், அதுவும் ராத்திரியில். மாடித் தொட்டியில் இருப்பது போர் தண்ணீர். அதன் உப்புக்குச் சவ்வு சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ஆகவே குழாயிலிருந்து ஹோஸைக் கொல்லைக் கதவு வழியாக டிரம்முக்கு இழுத்தேன். டிரம்மில் பிடித்ததைப் பகலில் மிஷினின் பம்ப் இழுத்துச் சுத்தம் செய்யும். ஜன்னல் வழியாக இழுக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். ஜன்னல் உயரத்துக்கு ஏறும் தெம்பு அந்தத் தண்ணீருக்குக் கிடையாது.

ஆக, தண்ணீர் வருகிற ராத்திரியெல்லாம் கொல்லைக் கதவைச் சாத்த முடியாது. டிரம் நிறைய வெகுநேரம் ஆகும். அதுவரை ஹோஸ் அளவுக்கு இடைவெளி விட்டு, நிறைந்த கேஸ் சிலிண்டரைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து, பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். இந்த மாதிரி எழுதுவதும் அப்போதுதான். மகள் மகிழினிக்கு மூன்று வயது. அவள் உள்ளே தூங்குவாள். வெளியே ஒரு சருகு நகர்ந்தாலும் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிலிண்டரைப் பிடித்துக்கொள்வேன்.

சுவரில் ஒரு ஓட்டை போட்டு ஹோஸை உள்ளே விட்டால் தீர்ந்தது. பிளம்பர் முருகேசன் அண்ணன் டிரில்லிங் மிஷினைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார். ஆனால் வீடு குளத்தூரில் இருக்கிற என் அத்தையின் பெயரில் இருக்கிறது. அத்தை என்றால் மாமியார். போனில் அனுமதி கேட்டேன். டிரம் இருக்கும் இடம் ஈசானிய மூலை, அந்தச் சுவரைத் துளைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றுவிட்டார். கதவு ராத்திரியில் திறந்து கிடக்கிறது, பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த பஸ்ஸில் வந்து, வீட்டைப் பூட்டி, தொட்டியை விற்று, என்னையும் பிள்ளையையும் குளத்தூருக்குக் கூட்டிப் போய்விடுவார். தனியாக இருக்கச் சம்மதித்ததே, “எனக்குப் பயமே இல்லை அத்தை” என்று நான் சொன்ன ஒரு வார்த்தையின் மேல்தான். முருகேசன் அண்ணன் டிரில்லிங் மிஷினைப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்: “செவுத்துல ஓட்டை போட்டா தெய்வக் குத்தம், கதவையே தொறந்து போட்டா குத்தமில்லயாம்மா?”

கடலோரத்துக்காரர்

என் முதல் வாடிக்கையாளர் கோட்டைப்பட்டினத்திலிருந்து வந்தார் என்றால் நம்புவீர்களா? ஜமால் பாய். அங்கே படகு இன்ஜின் உதிரி பாகக் கடை வைத்திருக்கிறார். அவர் வீட்டு வாசலில் நின்று கல்லை விட்டெறிந்தால் கடலில் விழும். அவர் ஆம்னி வேனில் ஜில்லாவின் இந்தக் கோடிக்கு வந்து, கடல் செய்வதற்கான தண்ணீரை என்னிடம் வாங்கிக்கொண்டு போனார்.

முதலில் அவர் புத்திசாலித்தனமாகத்தான் செய்தார். வாசலில் இருக்கிற கடலிலேயே வாளியை முக்கித் தொட்டியை நிரப்பினார். எங்கள் பக்கத்துக் கடல் கரையோரத்தில் காபி நிறம். சேறும் படகு டீசலும் சேர்ந்து ராத்திரியோடு ராத்திரியாகத் தொட்டியில் எண்ணெய்ப் படலம் கட்டிவிட்டது. அடுத்ததாக உப்புக் கலவை வாங்கி, வீட்டுப் போர் தண்ணீரில் கரைத்தார். அது ஏற்கெனவே உப்புத் தண்ணீர். கணக்கு எங்கேயோ போய், நத்தைகள் கண்ணாடியில் ஏறி வெளியே குதித்தன. கடைசியில் என் நம்பரைப் பிடித்தார்.

நான் அவர் எதிரில் மீட்டரை நனைத்துப் பூஜ்யத்தைக் காட்டினேன். எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு உப்பு, எத்தனை நேரம் கலக்கவிட வேண்டும் என்பதையெல்லாம் கிளி மாதிரி ஒப்பித்தேன். அவர் பயபக்தியுடன் கேட்டுக்கொண்டார். வேனின் முன் சீட்டில் இருந்த அவர் மனைவிதான், கேன்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “ஊரு பூரா கடல்லேருந்து மீனை வீட்டுக்குக் கொண்டாருது. எங்க வீட்டுக்காரவுக மீனுக்காகக் கடலை வீட்டுக்குக் கொண்டாராக.”

சாம்பார் சுண்டினால்

அரிமளத்தில் ஒரு டீச்சர் தொட்டி வைத்திருக்கிறார். பெயரைச் சொன்னால் அவருடைய பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள் என்பதால் டீச்சர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஆக ஆக அவர் தொட்டியில் பவளங்கள் முஷ்டி மாதிரி மூடிக்கொண்டே வந்தன. என் தண்ணீர்தான் வாங்குகிறார். நான் சொன்ன அளவில்தான் உப்புக் கரைக்கிறார். போனில் அழாத குறை. போய்ப் பார்த்தேன். தொட்டித் தண்ணீரை உப்பு அளக்கும் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால், கருவாட்டுக்குப் போடலாம் என்கிற அளவில் இருந்தது.

வெயில் காலத்தில் தொட்டியில் தண்ணீர் குறையும் அல்லவா, குறைந்த அளவுக்கு அவர் தினமும் உப்புத் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறார். நம்மில் பாதிப் பேர் செய்கிற தவறுதான். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே உட்கார்ந்திருக்கும். ஆகவே குறைந்ததை ஒன்றுமில்லாத தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். நான் இதை விஞ்ஞானமாகச் சொன்னபோது அவர் தலையாட்டினார், புரிந்த மாதிரி தெரியவில்லை. “டீச்சர், அடுப்புல சாம்பார் சுண்டிருச்சுன்னா வெந்நீர் ஊத்துவீங்களா, மறுபடி உப்பு போடுவீங்களா?” என்று கேட்டேன். டீச்சருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவர் கணவர்தான் தலையைத் தூக்கி, “அத அவகிட்ட கேக்காதீங்க, அவ உப்புதான் போடுவா” என்றார்.

வேண்டாத தண்ணீர்

இந்த மிஷினில் ஒரு குடம் நல்ல தண்ணீர் வந்தால், அதைவிட இரண்டு மூன்று மடங்கு வேண்டாத தண்ணீர் என்று வெளியே தள்ளும். நம் ஊரில் தண்ணீரைக் கீழே விடுவது கொலைக்குச் சமம். பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் அக்கா ஒருநாள் சாக்கடையில் தெளிவாக ஓடும் தண்ணீரைப் பார்த்துவிட்டு, அது எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டே என் சமையலறை வரைக்கும் வந்துவிட்டார். அது குடிக்கத்தான் ஆகாது, பாத்திரம் கழுவ, துணி அலச, வாழைக்கு ஊற்றத் தாராளமாக ஆகும் என்றேன். அன்றிலிருந்து அந்த டியூப்பின் வாயில் அக்காவின் குடங்கள் வரிசையாக நிற்கின்றன.

குடம் தூக்க வருகிறவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். ஆண் இருக்கிற வீடு என்று தெரியட்டும் என்பதற்காக, கொல்லைப் படியில் கணவரின் பழைய செருப்பை ஜோடியாக வைத்திருந்தேன். கொடியில் அவருடைய சட்டை ஒன்று எப்போதும் தொங்கும். தண்ணீர் வருகிற ராத்திரியில் உள்ளே பார்த்து, “என்னங்க, தூங்கிட்டீங்களா?” என்று சத்தமாகக் கேட்பேன். பதிலுக்கு, அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் ஏதாவது ஒன்றைப் போனில் ஓடவிடுவேன். பெரும்பாலும் அது பில்டர் மாற்றும் விஷயமாக இருக்கும்.

அக்கா ஒரு காலையில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஒன்றும் தெரியாததுபோலத் தேங்காய் துருவினேன். அவர் கிளம்பும்போது மெல்லச் சொன்னார்: “தாயி, அந்தச் செருப்புல சிலந்தி வலை கட்டிருக்கு. திருடன் வந்து பாத்தா, இந்த வீட்டு ஆம்பள எந்திரிச்சு ரொம்ப நாளாச்சுன்னுல்ல நெனப்பான். அப்பப்ப எடம் மாத்தி வை.”

செப்புக் குடம்

எல்லாத் தொழிலிலும் ஒரு சோதனைக் காலம் உண்டு. எனக்கு அது குளத்தூரிலிருந்து வந்தது. அங்கே அத்தைக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் இருக்கிறார். நாராயணன் மாமா, சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். பெரிய தொட்டி வைத்திருக்கிறார். சொந்தக்காரர் என்பதால் அவருக்கு நானே பார்த்துப் பார்த்துத் தண்ணீர் கொடுத்தனுப்புவேன். ஒரு நாள் அவர் தொட்டியில் இறால்கள் எல்லாம் ஒன்றுவிடாமல் செத்துக் கிடந்தன. நத்தைகள் கழன்று விழுந்தன. மீன்கள் மட்டும் ஒன்றும் தெரியாத மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன.

அவர் என்னிடம் சொல்லவில்லை. நேராக அத்தையிடம் போய், “ஒம் மருமக தண்ணியில என்னத்தையோ கலந்து வெச்சிருக்கா” என்று சொல்லிவிட்டார். தொட்டிப் பழக்கத்தில் நம்பர் வைத்திருந்த ஜமால் பாய்க்கும் டீச்சருக்கும்கூட போன் போட்டுத் தகவல் சொல்லியிருக்கிறார். இருவரும், கேன் அப்புறம் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். சாயங்காலம் அத்தையின் போன் வந்தது. கோபமே இல்லாத குரல். அதுதான் பயமாக இருந்தது. “போதும்மா, சொந்தத்துலயே பேராயிருச்சு. மிஷின யாருக்காச்சும் குடுத்துட்டு, வீட்டப் பூட்டிட்டு வா. இங்கிட்டு எனக்கும் ஒத்தாசையா இருக்கும்.”

அன்றைக்கு நான் தூங்கவில்லை என்று எழுதினால் அது பயத்தால் என்று நினைப்பீர்கள். இல்லை. கதவு விஷயத்தில்தான் நான் கோழை. தண்ணீர் விஷயத்தில் என்னை யாரும் அசைக்க முடியாது. வடிகட்டிகளைக் கழற்றிப் பார்த்தேன். குருணை நிறம் மாறவில்லை. மீட்டர் பூஜ்யம். மீன் உயிரோடு இருக்க, இறாலும் நத்தையும் மட்டும் சாகிறதென்றால் அதற்குக் காரணமாகப் பெரும்பாலும் ஒரே ஒரு பொருள்தான் இருக்கும். காலையில் மகிழினியைத் தூக்கிக்கொண்டு, மீட்டரையும் ஒரு சின்னச் சோதனை மருந்து பாட்டிலையும் என் தண்ணீரில் கொஞ்சத்தையும் பைக்குள் போட்டுக்கொண்டு குளத்தூர் பஸ் ஏறினேன். அத்தையையும் கூட்டிக்கொண்டே மாமா வீட்டுக்குப் போனேன்.

“மாமா, நான் குடுத்த கேன் எங்க?”

“கேன்லயா வெப்பேன்? அவ்வளவு சுத்தமான தண்ணிய பிளாஸ்டிக்குல போட்டு வெக்கலாமா? குடத்துல ஊத்தி வெச்சிருக்கேன்.”

காட்டினார். பூஜை அறை வாசலில், புளி போட்டுத் தேய்த்துப் பளபளக்க, திருநீற்றுப் பட்டையோடு நின்றது ஒரு செப்புக் குடம். வேறு எந்த ஊர்க்காரருக்கும் தோன்றாத மரியாதை. எதுவுமே இல்லாத தண்ணீர் பசித்த தண்ணீர். எதில் வைக்கிறோமோ அதைக் கொஞ்சம் தின்னும். ராத்திரி முழுக்கச் செம்பில் இருந்த தண்ணீரைக் காலையில் தொட்டியில் ஊற்றினால் மனிதருக்கு ஒன்றும் இல்லை. இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் அது விஷம். மீட்டரைக் குடத்தில் விட்டேன். பூஜ்யம் இல்லை. செம்பு இருந்தால் காட்டிக்கொடுக்கும் சோதனை மருந்தை விட்டேன். சொட்டு விழுந்ததும் தண்ணீர் நிறம் மாறியது. வீட்டிலிருந்து கொண்டுபோன தண்ணீரில் அதே மருந்தை விட்டேன். நிறம் மாறவில்லை. இரண்டு டம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அத்தை குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

மாமா நல்ல மனிதர். என் எதிரிலேயே ஜமால் பாய்க்கும் டீச்சருக்கும் போன் போட்டு, தவறு தன்னுடைய குடத்தில் என்று சொல்லிவிட்டார். போனை வைத்த பிறகு குடத்தைப் பார்த்துக்கொண்டே மனசு ஆறாமல் சொன்னார்: “செப்புல வெச்சுக் குடிங்க, செப்புல வெச்சுக் குடிங்கன்னு எவ்வளவு பேரு வாட்ஸ்அப்புல அனுப்புனான். எறாலுக்கு ஆகாதுன்னு ஒருத்தன் அனுப்புனானா?”

ஈசானிய மூலை

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். அத்தை தன் பையோடு பின்னால் வந்தார். “தண்ணி மேல தப்பில்லன்னு தெரிஞ்சுபோச்சு. நீ எப்புடி இருக்கேன்னு பாக்கணும்ல” என்றார். அவர் வந்தது, பார்த்துவிட்டு முடிவு சொல்ல. அன்று தண்ணீர் வருகிற முறை வேறு. வழியெல்லாம், இன்றைக்கு மோட்டார் ரிப்பேர் ஆகட்டும், எங்கேயாவது பைப் உடையட்டும் என்று வேண்டிக்கொண்டே வந்தேன். நகராட்சிக்கு என் வேண்டுதல் போய்ச் சேரவில்லை.

சாப்பிட்டுவிட்டு அத்தை படுக்கப் போகும் நேரத்தில் தண்ணீர் வந்தது. வேறு வழியில்லை. கதவைத் திறந்து ஹோஸை இழுத்தேன், சிலிண்டரை உருட்டிவந்து முட்டுக் கொடுத்தேன், ஸ்டூலைப் போட்டேன். அத்தை நடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“கதவச் சாத்து.”

“சாத்த முடியாதுங்க அத்தை. ஹோஸ் நசுங்கிரும்.”

“எம்புட்டு நேரம்?”

“டிரம் நெறையற வரைக்கும்.”

அவர் இன்னொரு ஸ்டூலைப் போட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தார். எனக்கு ஒருவிதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. இனி மறைக்க ஒன்றுமில்லை. நாளைக்குக் குளத்தூர். தொட்டியை யாரிடம் கொடுப்பது, ஜமால் பாய்க்கு எப்படிச் சொல்வது என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. டிரம்மில் தண்ணீர் நூல் மாதிரி விழுந்துகொண்டிருந்தது.

பாதி டிரம் ஆனபோது கதவு அசைந்தது. சிலிண்டர் தரையில் கீறி நகர்ந்தது. இடைவெளியில் ஒரு மூக்கு நுழைந்தது, அதற்குப் பின்னால் கறுத்த முகம். தெரு நாய்தான். அது எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வந்த வழியே முகத்தை இழுத்துக்கொண்டு போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் அத்தை ஸ்டூலில் இல்லை. டிரம்முக்குப் பின்னால், கையில் தோசைக் கரண்டியோடு நின்றிருந்தார்.  பிறகு அவர் கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். 

“எத்தன நாளா இப்புடி ஒக்காந்துருக்க?”

“அவர் போனதுலேருந்து.”

“பயமில்லன்னு சொன்னியே.”

“சொன்னேன் அத்தை.”

 டிரம் நிறையும் வரை அவர் கரண்டியை விடவில்லை.

காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது கொல்லையில் முருகேசன் அண்ணனின் குரல் கேட்டது. அத்தைதான் போன் போட்டு வரவழைத்திருக்கிறார். டிரம்முக்கு நேரே, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சுவரில் குங்குமத்தால் ஒரு பொட்டு வைத்து, “இங்க போடுப்பா” என்று காட்டிக்கொண்டிருந்தார். முருகேசன் அண்ணனுக்கு ஏற்கெனவே ஒரு தடவை திரும்பிப் போன அனுபவம். “இது ஈசானியமாச்சே ஆச்சி, பின்னாடி என்னயச் சொல்லக் கூடாது” என்று இழுத்தார்.

“ஈசானியம்னா என்னன்னு நெனச்ச? தண்ணிக்குன்னு உள்ள மூலை அது. தண்ணி வர்றதுக்குத்தானே போடச் சொல்றேன், காத்து வாங்கவா? போடு.”

நான் வாயில் நுரையோடு நின்றிருந்தேன். போனில் நான் அனுமதி கேட்டபோது அந்த மூலைக்கு இந்த அர்த்தம் இருந்ததாக ஞாபகம் இல்லை. டிரில் சத்தத்துக்கு மகிழினி எழுந்து ஓடிவந்து அத்தையின் காலைக் கட்டிக்கொண்டாள். தூசு அடங்கியதும் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, “அப்ப நான் இங்கயே இருக்கலாமா அத்தை?” என்று கேட்டேன். அவர் சேலையில் ஒட்டியிருந்த சிமெண்டைத் தட்டிக்கொண்டே சொன்னார்: “ஒங்க மாமனாரு போய்ச் சேந்ததுலேருந்து நானுந்தான் அம்மாம் பெரிய வீட்டுல தனியாப் படுத்துக்கெடக்கேன். என்னய யாரு வந்து கூட்டிட்டுப் போனா? எங்கதவத் தாழ்ப்பாப் போட்டுக்க முடியுது, ஒனக்கு முடியல. வித்தியாசம் அம்புட்டுத்தான்.”

அத்தை மத்தியான பஸ்ஸில் குளத்தூருக்குப் போய்விட்டார். ஓட்டைக்குள் விட்ட ஹோஸைச் சுற்றிப் பல்லிகூட வராதபடி முருகேசன் அண்ணன் சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டார். இன்றைக்கு அடுத்த தண்ணீர் முறை; ஜமால் பாய் நாளைக்கு வேன் கொண்டுவருகிறார். இதை முடித்துவிட்டு நான் தூங்கப்போகிறேன். டிரம் அதுபாட்டுக்கு நிறையும், நிறைந்தால் தானாக நின்றுகொள்ள மிதவை வால்வு மாட்டியாகிவிட்டது.

ஒரு பொட்டு உப்புகூட உள்ளே வராத தண்ணீரை ஜில்லாவுக்கே செய்து கொடுக்கிற நான், என் வீட்டுக்குள் ஒரு நாய் வராமலிருக்க ஒன்றுவிட்ட மாமாவின் செப்புக் குடம் வரைக்கும் சுற்றிவிட்டு வந்து, இன்றைக்குத்தான் கொல்லைக் கதவை உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டேன்.